தூரிகையும் எழுதுகோலும் ஊசியும்

சென்ற ஆண்டு பெற்றோர் தினத்தன்று எங்கள் ஓவிய மன்றத்தின் சார்பில் ஒரு சிறு கண்காட்சி அமைத்தோம். நம் மலைவாழ் மக்களின் உழைப்பைப் படங்களாகத் தீட்டி, நீண்ட வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமையாகவே இருந்தது.

எங்களுள் பலர் அடுக்கத்திலிருந்து வந்து படிப்பவர்கள். பெருமாள்மலையிலிருந்து பிரிந்து, கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் மலைப்பாதையில், காப்பித் தோட்டங்களுக்கும் வாழைக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர். அங்கிருந்து வந்த ஒரு தாயார் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றார். காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணின் படம் அது. தலையில் அழகிய மூங்கிற்கூடை, இடையில் வண்ணச் சேலை, முகத்தில் புன்னகை!

“யாரு தாயி இத வரைஞ்சது?” என்று கேட்டார் அந்த அம்மா. நாங்கள் முன்னே சென்றோம்.

“படம் அழகாத்தான் இருக்கு. ஆனா கூடையத் தலையில வச்சுக்கிட்டு யாராச்சும் பழம் பறிப்பாகளா? ரெண்டு கையும் செடியில இருக்கணும்ல? சாக்க மடியாக் கட்டிக்கிடுவோம். பனியும் எறும்பும் பாடாப் படுத்தும். இப்பிடிச் சிரிச்சுக்கிட்டு நிக்க நேரமேது? இது நாங்க இல்ல தாயி.”

எங்களுக்குச் சொல்ல வாய் எழவில்லை. அருகில் நின்ற சிஸ்டர் மெல்லச் சிரித்தபடி, “இவர்களைக் கேட்டுவிட்டா வரைந்தீர்கள்?” என்றார்கள். கேட்கவில்லை என்பதே உண்மை. நாட்காட்டியில் கண்ட ஒரு படத்தைப் பார்த்து வரைந்திருந்தோம்.

‘பிறருடைய வாழ்வை நாம் படமாக்குவது எப்படி? அவர்களை வைத்துப் படம் வரைவதற்கும், அவர்களோடு சேர்ந்து படம் வரைவதற்கும் என்ன வேறுபாடு?’ இந்த வினாவுக்கு விடை தேடி ஓராண்டாகப் படித்தோம், கேட்டறிந்தோம். பெரிய பெரிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் இதே வினாவோடு மல்லாடியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது எங்கள் வெட்கம் சற்றே தணிந்தது. நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

பெண்ணியம் என்பது என்ன?

‘பெண்ணியம்’ என்றால் ஆண்களை வெறுப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அஃது உண்மையன்று. ஆணுக்குள்ள மதிப்பும் உரிமையும் வாய்ப்பும் பெண்ணுக்கும் உண்டு என்று ஏற்பதும், அவை மறுக்கப்படும் இடத்தில் காரணத்தை ஆராய்ந்து மாற்ற முயல்வதுமே பெண்ணியம். அந்நோக்கோடு தீட்டுபவர் பெண்ணிய ஓவியர். எழுதுபவர் பெண்ணிய எழுத்தாளர்.

இவ்விருவரும் ஏன் சேர வேண்டும்? ஓவியம் ஒரு நொடியில் நெஞ்சைத் தொடும். ஆனால் யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்ல அதற்கு இயலாது. எழுத்து அதைச் சொல்லும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுத்து வாய்மூடி நிற்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சமூகக் குறையை மக்கள் முன் வைக்கும்போது, கண்காட்சி என்பது வெறும் வேடிக்கையாக இல்லாமல் ஒரு சாட்சியாக ஆகிவிடுகிறது.

நால்வர் நடத்திய கண்காட்சி

நம் நாட்டில் ஓவியக் கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெண் ஓவியர்கள் தாமே முன்னின்று, தம் படைப்புகளை மட்டும் ஒன்றாக வைத்து நடத்தியது 1980களில்கூடப் புதுமையாகவே இருந்தது. நளினி மலானி, அர்ப்பிதா சிங், நிலிமா ஷேக், மாதவி பாரேக் ஆகிய நால்வரும் அதைச் செய்து காட்டினார்கள். 1987ஆம் ஆண்டு போபால் நகரின் பாரத் பவனில் தொடங்கிய அவர்களுடைய கண்காட்சி, 1989 வரை நாட்டின் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றது. ‘கண்ணாடியினூடே’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அதற்கு இட்டிருந்தார்கள். ஆலிஸ் என்னும் சிறுமி நிலைக்கண்ணாடிக்குள் புகுந்து, எல்லாம் தலைகீழாக இருக்கும் உலகைக் காணும் கதை 1871இல் வெளிவந்தது. அந்த நூலின் பெயரையே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நால்வரின் பின்னணியும் வெவ்வேறு. நளினி மலானி 1946இல் கராச்சியில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையால் அகதியாக வந்த குடும்பம். மும்பையில் ஓவியம் பயின்றவர். அர்ப்பிதா சிங் கைத்தறி நெசவாளர்க்கான அரசு நிலையத்தில் பணியாற்றியவர். துணியின் பூவேலைப்பாடு அவருடைய ஓவியத்தில் புகுந்தது. நிலிமா ஷேக் பரோடாவில் பயின்று, பழைய சிற்றோவிய மரபில் தோய்ந்தவர். மாதவி பாரேக்கோ குஜராத்தின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்தவரல்லர். பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே சுவரில் சமமாக இடம்பெற்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? 1972இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பெண் ஓவியர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஓவியக்கூடத்தைத் தொடங்கியிருந்தார்கள். நளினி மலானி 1979இல் அங்கே சென்று, அதை நடத்திய ஓவியர்களைச் சந்தித்தார். ‘கூடங்கள் நமக்கு இடம் தரும்வரை காத்திராமல் நாமே இடத்தை உண்டாக்கிக்கொள்ளலாம்’ என்பதே அவர் அங்கே கண்ட பாடம். எனினும் அந்த எண்ணம் இந்தியாவில் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின.

சம்பாவின் கதை

இந்நால்வருள் நிலிமா ஷேக், 1984ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய பன்னிரண்டு சிறிய ஓவியங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘சம்பா பெரியவளானபோது’ என்பது அவற்றின் பொருள். சம்பா கற்பனைப் பெண்ணல்லள். ஓவியருக்குத் தெரிந்த ஒரு சிறுமியின் உண்மைக் கதையே அது. விளையாட்டுப் பருவம், திருமணம், புகுந்த வீடு, பிறகு நெருப்பு என்று படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. இளவயதிலேயே மணமுடித்துக் கொடுக்கப்பட்ட அந்தப் பெண் வரதட்சிணைக் கொடுமையால் எரிந்து மாண்டாள்.

அக்காலத்தில் செய்தித்தாள்களில் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்’ என்று ஓரமாக ஒரு வரி வரும். படிப்பவர் ‘ஐயோ பாவம்’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். நிலிமா ஷேக் அந்த ஒரு வரியைப் பன்னிரண்டு படங்களாக விரித்தார். அரசவைக் காட்சிகளையும் காதற் கதைகளையும் தீட்டிவந்த சிற்றோவிய முறையில், கையால் செய்த காகிதத்தில், ஓர் எளிய பெண்ணின் வாழ்வைத் தீட்டினார். சிறிய படங்களாதலால் அருகில் சென்று குனிந்து பார்க்க வேண்டும். குனிந்து பார்ப்பவர் எளிதில் பக்கத்தைப் புரட்ட இயலாது.

ஏழு பெண்கள், ஒரு நிழற்படக் கலைஞர்

தில்லியில் 1979 முதல் வரதட்சிணைச் சாவுகளை எதிர்த்துப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். ஊர்வலங்களிலும் தெருநாடகங்களிலும் கலந்துகொண்டவர்களுள் ஷீபா சாச்சி என்ற இளம் நிழற்படக் கலைஞரும் ஒருவர். கூட்டங்களையும் முழக்கங்களையும் அவர் படமெடுத்துவந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவருக்கு ஓர் ஐயம் தோன்றியது. உயர்த்திய கையும் திறந்த வாயுமாக எடுத்த படங்களில் அந்தப் பெண்களின் முழு வாழ்வும் தெரிகிறதா? படமெடுக்கும் தானே எல்லாவற்றையும் தீர்மானிப்பது முறையா?

ஆகவே அவர் தம்மோடு போராடிய ஏழு பெண்களை அழைத்தார். எங்கே நிற்பது, என்ன உடுத்துவது, எந்தப் பொருள்களை அருகில் வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் அவர்களோடு கலந்து பேசியே படமெடுத்தார். ‘ஏழு வாழ்வுகளும் ஒரு கனவும்’ என்ற பொருளில் பெயர் பெற்ற அத்தொகுதி பின்னர் உலகின் பெரிய கலைக்கூடங்களில் வைக்கப்பட்டது. அந்த எழுவருள் எழுத்தாளரும் பதிப்பாளருமான ஊர்வசி புட்டாலியாவும் ஒருவர். எழுத்தறியாத உழைப்பாளிப் பெண்ணும் எழுத்தாளரும் அருகருகே நிற்கும் தொகுதி அது.

அவர்களுள் சத்யராணி சட்டா என்ற தாயின் படம் உச்ச நீதிமன்றத்தின் முன் எடுக்கப்பட்டது. 1979இல் அவருடைய மகள், மணமாகி ஓராண்டு நிறையும் முன்பே, தாய்மையடைந்திருந்த நிலையில், எரிந்து இறந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஸ்கூட்டரைத் தர இயலாமற்போனதே அதற்குப் பின்னணி. அத்தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார். தம்மைப் போலவே மகளை இழந்த ஷாஜகான் ஆபா என்ற இஸ்லாமியத் தாயோடு சேர்ந்து, 1987இல், துன்புறும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் ‘சக்தி ஷாலினி’ அமைப்பை உருவாக்கினார். 2014இல் மறைந்தார்.

இத்தகைய தாய்மாரின் போராட்டம் வீண்போகவில்லை. 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்திருந்தும் அது ஏட்டளவில் இருந்தது. 1983இல் கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டது. 1986இல் ‘வரதட்சிணைச் சாவு’ என்பது தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. திருமணமாகி ஏழாண்டுக்குள் இயற்கைக்கு மாறாக ஒரு பெண் இறந்து, அதற்கு முன் வரதட்சிணைக்காக அவள் துன்புறுத்தப்பட்டதும் தெரியவந்தால், கணவன் வீட்டார் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வந்தது. ஓவியமும் படமும் மட்டுமே சட்டத்தை மாற்றிவிடவில்லை. ஆனால் ஊரார் மறக்காதபடி அவை பார்த்துக்கொண்டன.

பசை தடவி ஒட்டியவை

கலைக்கூடத்துக்குள் எல்லாரும் போக மாட்டார்கள். ஆனால் தெருவில் எல்லாரும் நடக்கிறார்கள். ஆகவே பெண்கள் இயக்கத்தின் மிகப் பெரிய ஓவியக்கூடம் தெருச்சுவரே எனலாம். அதன் ஓவியம் சுவரொட்டி. ஒருவர் படம் வரைவார். ஒருவர் வாசகம் எழுதுவார். மற்றவர்கள் சேர்ந்து அச்சிட்டு, இரவில் பசை வாளியோடு புறப்படுவார்கள். பெரும்பாலும் அதில் எவர் பெயரும் இராது. மழை பெய்தால் கரையும். அடுத்த நாள் அதன்மேல் சினிமாச் சுவரொட்டி ஏறிவிடும்.

அழிந்துபோகும் இவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஊர்வசி புட்டாலியாவின் ‘ஜுபான்’ பதிப்பகத்துக்கு எழுந்தது. ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984இல் தொடங்கிய ‘காளி ஃபார் விமன்’ நம் நாட்டின் முதல் பெண்ணியப் பதிப்பகம். அதன் தொடர்ச்சியாக 2003இல் தோன்றியதே ஜுபான். ‘ஜுபான்’ என்றால் நாக்கு, பேச்சு என்று பொருள். அவர்கள் நாடெங்கும் உள்ள பெண்கள் அமைப்புகளை நாடி, ஏறத்தாழ 1,500 சுவரொட்டிகளைத் திரட்டினார்கள். 2006இல் அவற்றிலிருந்து தேர்ந்தவை நூலாகவும் கண்காட்சியாகவும் வெளிவந்தன. குடும்ப வன்முறை, உடல்நலம், எழுத்தறிவு, அரசியலில் பங்கு, சுற்றுச்சூழல், மத நல்லிணக்கம் எனப் பல பொருள்களில், பல மொழிகளில் அமைந்தவை அவை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தாள். வரிசையாகப் பார்த்தால் பெண்கள் இயக்கத்தின் வரலாறு!

இவ்வாறு சேர்த்து வைக்கும் பணியில் நம் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் பங்கு பெரிது. 1944இல் கோயம்புத்தூரில் பிறந்த அம்பை அவர்கள் சிறுகதைகளால் புகழ் பெற்றவர். ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ நூலுக்காக 2021ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றவர். அவரும் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகிய அறிஞர்களும் சேர்ந்து 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற ஆவணக்காப்பகத்தை நிறுவினார்கள். பெண்களின் பேச்சு, நிழற்படங்கள், சுவரொட்டிகள் முதலியவற்றைத் திரட்டிக் காப்பது அதன் பணி. பெயரின் எழுத்துகளைச் சேர்த்தால் ‘சிட்டுக்குருவி’ என்றாகிறது. சிறிய பறவை, ஆனால் விடியலில் குரல் எழுப்பும் பறவை!

ஊசியே தூரிகையானபோது

தூரிகையும் எழுதுகோலும் பிடிக்காத கைகளும் உண்டு. அவற்றில் ஊசி இருக்கும். பீகார் மாநிலத்தில் ‘சுஜனி’ என்பது, பழைய சேலை வேட்டிகளை அடுக்கி, நுண்ணிய ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த குழந்தையைப் போர்த்தச் செய்யும் துணி. முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா சிற்றூரில் 1988ஆம் ஆண்டு வாக்கில் பெண்கள் ஒன்றுசேர்ந்து இந்தக் கைவினைக்குப் புத்துயிர் ஊட்டினார்கள். வரதட்சிணை, குடிகாரக் கணவன், பெண் கல்வி, தேர்தலில் நிற்கும் பெண் என்று தாங்கள் கண்ட வாழ்வையே அதில் தைத்தார்கள். ஜுபான் பதிப்பகத்தின் இரண்டாம் முயற்சி, இத்தகைய கிராமியக் கலைஞர்கள் தம் கைவினையாற் சொல்லும் செய்திகளைத் திரட்டியதே. குழந்தையைக் குளிரினின்றும் காத்த தையல், இப்போது அதன் தாயின் கதையைச் சொல்லிற்று.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் இப்படி ஒன்று நிகழ்ந்தது. 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டுக் காணாமற் போயினர். அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் சிறைச்சாலை வாயில்களிலும் மருத்துவமனைகளிலும் தேடி அலைந்தார்கள். சாந்தியாகோ மறைமாவட்டத்துக் கத்தோலிக்கத் திருச்சபை அவர்களுக்குத் துணை நின்றது. 1976இல் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் அதற்கெனத் தனிப் பணியகம் ஒன்றையே நிறுவினார். ஆலயக் கூடங்களில் அமர்ந்த அப்பெண்கள், சாக்குத் துணியின்மீது வண்ணத் துணுக்குகளை ஒட்டுத்தையலாகத் தைத்துப் படங்கள் செய்தார்கள். சில சமயம் அந்தத் துணுக்குகள் காணாமற்போனவருடைய சட்டையிலிருந்தே வெட்டப்பட்டவை. ‘என் மகன் எங்கே?’ என்ற கேள்வியையும் அதில் தைத்தார்கள். ‘அர்பியேரா’ என்று இவற்றுக்குப் பெயர். சாக்குத்துணி என்பதே அச்சொல்லின் பொருள். அவை விற்ற பணம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வெளிநாடுகளுக்கு மறைவாகச் சென்ற படங்கள் அங்கே கண்காட்சிகளாகி, சிலியில் நடப்பதை உலகுக்குச் சொல்லின. தையல் வேலை என்று தொடக்கத்தில் எவரும் ஐயுறாததே அவற்றுக்குக் காவலாயிற்று.

திருத்தம் கேட்ட கதை

கலைஞர் நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் சரியாகிவிடுமா? இராஜஸ்தான் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி எங்களை மிகவும் கவர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ எழுபத்தைந்து கிராமப் பெண்கள் சேர்ந்து, பெண்ணின் உடல்நலத்தைப் பற்றிப் படங்களோடு ஒரு நூலைத் தயாரித்தார்கள். உடலின் அமைப்பை விளக்க, பாடநூல்களில் உள்ளதுபோல் ஆடையில்லா உருவங்களை வரைந்தார்கள். கையால் செய்த முதற்படியை ஊர்களுக்குக் கொண்டுசென்று காட்டியபோது, “இப்படி யாரையும் நாங்கள் பார்த்ததே இல்லையே! இது மெய்யான படமன்று” என்றார்கள் ஊர்ப் பெண்கள்.

படத்தை வரைந்தவர்கள் சினங்கொள்ளவில்லை. படத்தை நீக்கிவிடவும் இல்லை. மாற்று வழி கண்டார்கள். மரபுப்படி பாவாடையும் முக்காடும் அணிந்த பெண்ணை வரைந்து, ஆடையை மட்டும் தூக்கிப் பார்க்கும் மடிப்புத் தாளாக அமைத்தார்கள். ஊராரின் நாணமும் காக்கப்பட்டது. தாய்மாருக்கு வேண்டிய அறிவும் கிடைத்தது. அந்நூலைக் காளி பதிப்பகம் 1989இல் அச்சிட்டது. கிராமப் பெண்களுக்கு இலாபமின்றி அடக்க விலைக்கே தரவேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதையும் ஏற்றது.

இதைப் படித்தபோது எங்கள் கண்முன் அடுக்கத்து அம்மாவே நின்றார்!

திருத்தம் கேளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்க ஓவியர் ஜூடி சிகாகோ, ஏறத்தாழ நானூறு பேரின் துணையோடு ஐந்தாண்டு உழைத்து, 1979இல் ‘விருந்து மேசை’ என்ற மாபெரும் படைப்பைக் காட்சிக்கு வைத்தார். முக்கோண வடிவ மேசையில் பக்கத்துக்குப் பதின்மூன்றாக முப்பத்தொன்பது இருக்கைகள். ஒவ்வொன்றும் வரலாற்றிலும் புராணத்திலும் வரும் ஒரு பெண்ணுக்கு. தரையோடுகளில் மேலும் 999 பெண்களின் பெயர்கள். ஏடுகளைத் தேடிப் பெயர்களைத் திரட்டியவர்களும், மண்பாண்டம் வனைந்தவர்களும், விரிப்புகளில் பூத்தையல் போட்டவர்களும் அதில் உழைத்தார்கள். அம்மேசையில் துறவியருக்கும் இடமுண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும். ஒருவர் பத்தாம் நூற்றாண்டில் நாடகங்கள் எழுதிய ரோஸ்விதா. மற்றொருவர் இசையும் மருத்துவமும் இறையியலும் வல்லவராய் விளங்கி, 2012இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட புனித ஹில்டகார்டு. இன்று அப்படைப்பு நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் முப்பத்தொன்பது இருக்கைகளில் அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவருக்கு மட்டுமே இடம் கிடைத்தது. கறுப்பின எழுத்தாளர்கள் அப்படைப்பைக் குறைகூறினார்கள். பெரிய விருந்தாயினும் அழைப்பை எழுதுபவர் யார் என்பதைப் பொறுத்தே பந்தி அமைகிறது!

நம் தமிழகத்தில்

கண்காட்சி சுவரில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. மக்கள் நடுவே உயிரோடு நடமாடவும் கூடும். பெண் சிசுக்கொலை பெருந்துயராயிருந்த காலத்தில் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் அ. மங்கை அவர்களின் இயக்கத்தில் ‘பச்ச மண்ணு’ என்ற நாடகம் ஊர் ஊராகச் சென்றது. பிறப்பு, பூப்பு, திருமணம், வளைகாப்பு என ஒரு பெண்ணின் வாழ்வில் நிகழும் சடங்குகளையே எடுத்துக்கொண்டு, ‘இத்தனை சடங்கு செய்யும் நாம், அவளைப் பிறக்கவிட ஏன் தயங்குகிறோம்?’ என்று அது கேட்டது. மக்கள் தங்கள் வீட்டுச் சடங்கையே கண்டதால் அந்நாடகத்தை அயலாருடையது என்று தள்ள இயலவில்லை.

நாங்கள் கற்றவை

இத்தனையும் படித்தபின் எங்களுக்குத் தெளிவானவை சில. முதலாவது, ஒருவருடைய வாழ்வைப் படமாக்குமுன் அவரிடம் கேட்க வேண்டும். முடித்தபின் அவரிடமே காட்ட வேண்டும். அவர் திருத்தினால் ஏற்க வேண்டும். இரண்டாவது, படத்தோடு சொல்லும் வேண்டும். அச்சொல் இயன்றவரை அவருடைய சொல்லாகவே இருக்க வேண்டும். மூன்றாவது, பெயர் வேண்டும். வரைந்தவரின் பெயரை எழுதும் நாம், வாழ்ந்தவரின் பெயரையும் அவர் விரும்பினால் எழுதவேண்டும். நான்காவது, பொருள் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பழைய சேலையும் சாக்கும் போதும்.

ஆகவே இவ்வாண்டு நாங்கள் தாளில் வரையவில்லை. அடுக்கத்துக்குச் சென்று, பழம் பறிக்கும் தாய்மாரோடு ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்தோம். சாக்கை மடியாகக் கட்டிப் பறித்தும் பார்த்தோம். அரைநாளிலேயே இடுப்பு ஒடிந்தது. விரல் நகங்கள் கறுத்தன. பிறகு பழைய காப்பிச் சாக்குகளைத் துவைத்து வெட்டி, அவற்றின்மேல் துணி ஒட்டியும் தைத்தும் படங்கள் செய்தோம். மன்றத்துத் தோழியர் சிலர் வரைந்தார்கள். சிலர் தாய்மார் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்கள். தையலில் எங்களைவிடத் தாய்மாரே தேர்ந்தவர்கள். ஒரு படத்தில் கூலி எண்ணும் காட்சி. ஒன்றில் விறகுச் சுமை. ஒன்றில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவும் கை. சென்ற ஆண்டு எங்களைத் திருத்திய அம்மாவே இம்முறை சாக்கு மடியின் முடிச்சைத் தைத்துக் கொடுத்தார். “இப்பச் சரி” என்றார். எங்களுக்குக் கிடைத்த பரிசு அதுவே.

ஒரே ஒரு சாக்கு மட்டும் வெறுமையாகத் தொங்கியது. அதைப் பற்றிப் பலரும் கேட்டார்கள். எங்களோடு படித்த ஒரு தோழி, வண்ணம் கலப்பதில் எங்களுள் முதல்வி, பதினோராம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதாக மட்டும் கேள்விப்பட்டோம். அவளுக்குரிய சாக்கை அவளுக்காகவே விட்டுவைத்தோம். கீழே ஓர் ஊசியும் நூலும் செருகியிருந்தோம்.

பெற்றோரே, எங்களுக்கு நல்லது செய்யவே நீங்கள் எண்ணுகிறீர்கள் என்பதை அறிவோம். பழம் பறித்து, சுமை தூக்கி எங்களைப் படிக்க வைப்பவர்கள் நீங்கள். ஆயினும் சம்பாவின் பெற்றோரும் மகளுக்கு நல்லதென்று எண்ணித்தானே மணமுடித்து வைத்திருப்பார்கள்? எங்கள் படிப்பையும் திருமணத்தையும் பற்றி முடிவு செய்யுமுன், அந்த அடுக்கத்து அம்மா எங்களுக்குக் கற்பித்ததையே உங்களிடம் வேண்டுகிறோம்: எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோழியரே, அந்தச் சாக்கை நாங்கள் இன்னும் கழற்றவில்லை. அவள் வந்து தைப்பாள் என்று காத்திருக்கிறோம்.